மறு: கட்டாபெர்ச்சாவுக்குத் தமிழ்: ‘வன்கித்தா’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

நண்பர் ஒருவர் பழைய கடலடித் தந்தி வடங்களின் துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். இங்கே சிங்கப்பூரில் சின்னதாக ஒரு காட்சிக்கு வைக்கப்போகிறார். தமிழ் விளக்க அட்டை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த வடங்களில் கம்பியின் மேல் மின்காப்பாகப் பூசிய மரப்பால்தான் கட்டாபெர்ச்சா. அதற்கு ‘வன்கித்தா’ என்று எழுதலாமா என்று கேட்டிருந்தேன். நீங்கள் சொன்ன மாற்றுச் சொற்களுக்கும் கேள்விகளுக்கும் பதில் இது.

கேபிளை ‘வடம்’ என்று எழுத எனக்கே முதலில் தயக்கம்தான், தேர் இழுக்கப் போவது போல இருக்கிறதே என்று. அப்புறம் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. 1858-ல் அட்லாண்டிக்கில் இறக்கிய வடத்தைச் செய்தவர்களே இரும்புக் கயிறு திரிக்கும் தொழில்காரர்கள். நடுவில் ஏழு செம்புக் கம்பி, அதன்மேல் மூன்று சுற்றுப் பூச்சாகக் கட்டாபெர்ச்சா, பிறகு தார் தோய்த்த சணல், வெளியே ஏழேழு இரும்புக் கம்பியாகத் திரித்த 18 புரி. புரி, முறுக்கு, வடம் என்று கயிற்றுக்காரர் பேச்சே அட்டைக்குப் போதும். (கடலில் இறக்கியது போக மீந்த வடத்தை நியூயார்க்கின் டிஃபனி நகைக்கடை வாங்கி, நான்கு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, பித்தளைப் பூண் போட்டு 50 சென்டுக்கு விற்றது. தன்னிடம் இருப்பது அதில் ஒன்று என்று நண்பர் நம்புகிறார். நான் வாயைத் திறக்கவில்லை.)

சிக்கல் அந்த மூன்று பூச்சில்தான்.

திருச்சி ஐயா ‘மரப்பிசின்’ என்றார். ஐயா, கருவேல மரத்தில் கசிவது பிசின். இது மரத்தின் பால். இலுப்பையும் மகிழமும் சப்போட்டாவும் இருக்கிற குடும்பத்து மரம். யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன ‘உறைபால்’ காதுக்கு இனிமை, ஆனால் அட்டையைப் படிப்பவர் தயிர் என்றுதான் நினைப்பார். ‘கட்டிப்பால்’ என்ற யோசனையும் எடுபடாது. ரப்பர்த் தோட்டத்தில் கோப்பையிலேயே உறைந்து கிடப்பதற்கு அந்தப் பேரைப் போட்டாயிற்று.

நான் ஏன் கித்தாவைப் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், இந்தப் பொருளின் பேரே இந்த ஊர்ப் பேச்சிலிருந்து போனது. மரப்பாலுக்கு மலாயில் ‘கெத்தா’. ஆங்கிலேயர் வாயில் அது ‘கட்டா’ ஆனது, நம் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர் வாயில் ‘கித்தா’ ஆனது, ரப்பருக்கே அதுதான் பேர். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி, பாராங் கத்திகளுக்கு இந்தப் பாலில் பிடி செய்திருப்பதைக் கவனித்தார். 1843-ல் இதன் மாதிரிகள் லண்டன் போய்ச் சேர்ந்தன. 1847-ல் வெர்னர் சீமென்ஸ் கம்பியைச் சுற்றி இதை இணைப்புத் தடம் இல்லாமல் பூசும் பொறியைச் செய்தார். மறு ஆண்டே ஃபாரடே இதன் மின்காப்புத் தன்மையைப் பற்றி எழுதினார். 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே வேலை செய்யும் வடம் வந்துவிட்டது. இங்கே மரத்தின் கதி வேறு. ரப்பரைப் போலக் கீறி வடிய விட முடியாது, பால் சரியாக ஓடாது. அதனால் மரத்தையே சாய்த்து, பட்டையை வளையம் வளையமாக வெட்டிச் சுரண்டினார்கள். சில ஆண்டுகளிலேயே இந்தத் தீவில் பெரிய மரம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

வெள்ளைக்காரர் திரித்த சொல்லை நாம் மறுபடி எழுத்துக்கூட்டி எழுதுவானேன்? அதே மூலத்திலிருந்து வந்த நம் சொல் ஒன்று கையிலேயே இருக்கிறதே.

‘வன்’ எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். என் அம்மா ஜோகூர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். நண்பரின் துண்டு ஒன்றை அவர் கையில் கொடுத்து, “இதுவும் கித்தாதான்மா” என்றேன். நகத்தால் அழுத்தினார், இழுத்துப் பார்த்தார். “இது எங்கே கித்தா? இழுத்தா வரலையே.” அவ்வளவுதான், கலைச்சொல் ஆராய்ச்சி முடிந்தது. ரப்பர் இழுபடும், விட்டால் திரும்பும். இது வளைத்த வளைவில் நிற்கும். அதனால்தான் ‘வன்’கித்தா, கெட்டியான கித்தா.

அன்புடன்,
சிராங்கூனிலிருந்து

—

திருச்சியிலிருந்து:

தம்பி, பிசினை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் வெந்நீரில் போட்டால் மாவு போல இளகுகிற பொருளை ‘வன்’ என்பது எப்படி? மலாய்ச் சொல்லை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வியும் இருக்கிறது. ‘இளகுபால்’ என்று பாருங்களேன்.

—

ஐயா,

வெந்நீரில் இளகும், உண்மைதான். அதனால்தான் கம்பியின் மேல் பூச முடிந்தது. ஆனால் வடம் கிடப்பது வெந்நீரில் இல்லையே. கடலடியின் குளிரிலும் அழுத்தத்திலும் இது கெட்டியாக நின்று தண்ணீரை உள்ளே விடாமல் காத்ததால்தான் 1930-களில் பாலித்தீன் வரும்வரை இதற்கு மாற்றே வரவில்லை. இளகுவது பட்டறையில், பொருளுக்குப் பேர் வாங்கித் தந்தது கடல். மலாய்ச் சொல் பற்றி: கிடங்கை ‘கூடாங்’ என்று அவர்கள் சொல்லும்போது நாம் பெருமைப்படுகிறோம். கொடுத்தால் மட்டும் பெருமை, வாங்கினால் குறைச்சலா?

இன்னொன்று. 1859-ல் சிங்கப்பூரிலிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போட்ட வடம் அடிக்கடி அறுந்து கடைசியில் கைவிடப்பட்டது. ஆனால் 1871-ல் மதராஸிலிருந்து பினாங்கு வழியாக வந்த வடம் நிலைத்தது. இந்தப் பக்கத்துப் பால் பூசிய கம்பியில்தான் நம் இரண்டு ஊரும் முதலில் பேசிக்கொண்டன. அந்த அட்டையில் ‘கட்டாபெர்ச்சா’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

—

திருச்சியிலிருந்து:

சரி, கித்தா இருக்கட்டும். பல் மருத்துவம் படிக்கும் பேத்தியிடம் கேட்டேன். ரூட் கெனாலில் அடைப்பதும் இதே சரக்குதானாம். கட்டாபெர்ச்சாவைச் சுருக்கி அவர்கள் அதை ‘ஜிபி’ என்கிறார்களாம். வன்கித்தா என்று சொல்லிக் காட்டினேன். “தாத்தா, பேஷன்ட் பயந்து எழுந்து ஓடிடுவாங்க” என்கிறாள். வடத்துக்கு மட்டும் ஒப்புதல். பல்லுக்குத் தனி இழை தொடங்குங்கள்.