கோட்டைக்கு வெளியே விறுவிறுப்பு, உள்ளே போனதும் தூக்கம்: தொடர்கதை சந்தேகம்

குடியாத்தம் படிப்பகம்:

எல்லாருக்கும் வணக்கம். வாரம் ஒரு அத்தியாயமா ஒரு தொடர்கதை போய்க்கிட்டிருக்கு. காலம் 1962 மே மாசம். ஜவ்வாது மலையிலிருந்து அண்ணன், தம்பி, அவங்க அத்தை மகள் மூணு பேரும் கிளம்பி, பாலாற்று மணல் வழியா நடந்து, ராத்திரியில வேலூர்க் கோட்டைக்குள்ள நுழையறாங்க. கண்டி ராஜாகிட்ட இருந்த ஒரு பேழையைத் தேடித்தான். மலை, காடு, ஆறு வரைக்கும் "அடுத்தது எப்போ"ன்னு கேட்டவங்க, கோட்டைக்குள்ள இருக்கிற மகாலுக்குள்ள போனதும் "வர்ணனைதான் இருக்குது, பயம் இல்லை"ங்கறாங்க. இருட்டு, வௌவால், சில்லுன்னு கருங்கல் சுவர், தானா சாத்திக்கிற கதவு, நுழைஞ்ச உடனே ஒரு பேய் எல்லாமே வெச்சிருக்கு. சாகசமும் மாளிகைத் திகிலும் ஒரே கதையில ஒட்டாதா? அப்புறம், கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் வரைக்கும் சுரங்கம் போகுதுன்னு ஊர்ல சொல்லுவாங்களே, கடைசியில அது வழியா தப்பிக்கிற மாதிரி வைக்கலாமா? பேய் நிஜமா இருக்கணுமா, இல்லை விளக்கம் சொல்லிடணுமா?

டெல்லி கேட்:

ஒட்டும் சார். ஆனால் இரண்டும் வாசகரைப் பிடித்து இழுக்கிற இடம் வேறு. சாகசக் கதை படிப்பவர் "அடுத்து எங்கே?" என்று கேட்கிறார். பழைய மாளிகைக் கதை படிப்பவர் "இங்கே முன்னால் என்ன நடந்தது?" என்று கேட்கிறார். உங்கள் மூவரும் மகாலுக்குள் வந்த பிறகும் பேழையை மட்டும்தான் தேடுகிறார்கள். அந்த இடத்தின் பழைய கதை அவர்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. தேவைப்படாதவரை வௌவால் வெறும் வௌவால்தான்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். பேழையை யார், யாரிடமிருந்து மறைத்தார்கள் என்று தெரிந்தால் மட்டுமே அது எங்கே என்று தெரியட்டும். இதற்கு வேலூர்க் கோட்டை மாதிரி இடம் கிடைக்காது. இலங்கையிலிருந்த கண்டி அரசின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815-ல் பிடிபட்டு, 1816-ல் இங்கே கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று இறக்கும்வரை குடும்பத்தோடு காவலில் இருந்தவர். அவருக்கு முன்பே திப்புவின் குடும்பத்தை இதே கோட்டையில் வைத்திருந்தார்கள். அரண்மனைக்கு உண்டான ஆட்களும் சாமான்களும் இருக்கும், வெளியே மட்டும் போக முடியாது. திகில் கதைக்கு வேண்டியது இந்த நிலைமைதான், இருட்டு அதற்கு அப்புறம்.

கற்பனையாக ஒரு பணிப்பெண்ணைச் சேருங்கள். சாமான் பட்டியலில் அவள் பெயர் மட்டும் மை தீட்டி அடிக்கப்பட்டிருக்கட்டும். மலையில் நடக்கிற இரண்டாம் அத்தியாயத்திலேயே, அத்தை மகள் வீட்டில் ஒரு பெயரைப் பெண் குழந்தைக்கு வைக்கக் கூடாது என்று பாட்டி சொல்வதைப் போகிற போக்கில் போட்டுவிடுங்கள். மகாலில் அந்தப் பெயரைப் பார்த்த பிறகு, பேழை கிடைத்தாலும் அத்தை மகளால் திரும்பிப் போக முடியாது.

அடுத்தது வழியை அடைப்பது. சாகசத்தில் இடம் விரிந்துகொண்டே போக வேண்டும், திகிலில் சுருங்கிக்கொண்டே வர வேண்டும். முதலில் வெளியே போகும் வழி போகட்டும், அப்புறம் வெளிச்சம், கடைசியில் கூட வந்த ஆள். ஒரே அத்தியாயத்தில் மூன்றையும் பறித்தால் பயம் வராது, பரபரப்புதான் வரும். ஒன்றுக்கு ஒரு அத்தியாயம் கொடுங்கள்.

தரைப்படம் வரைந்துவிட்டீர்களா? ஸ்டீவன்சன் 1881-ல் முதலில் ஒரு தீவின் வரைபடத்தை வரைந்தார், 'புதையல் தீவு' அதிலிருந்துதான் முளைத்தது. பதிப்பகத்துக்கு அனுப்பிய படம் தொலைந்துபோனதால், எழுதி முடித்த கதையைப் பார்த்து மறுபடி வரைய வேண்டியதாயிற்று. இப்போது கைப்பேசியில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும். எந்தக் கதவிலிருந்து எந்தக் கதவுக்கு எத்தனை தப்படி என்பது வரை குறியுங்கள். வழி குழம்ப வேண்டியது பாத்திரங்களுக்கு, உங்களுக்கு இல்லை.

பெட்ரோமாக்ஸ்:

டெல்லி கேட் அண்ணன் எலும்பைச் சொல்லிட்டாரு, நான் தோலைச் சொல்றேன். அந்த சில்லுன்னு சுவரை முதல்ல எடுங்க. அது குளிர் நாட்டுக் கோட்டையிலிருந்து வந்த சுவர். உங்க கதை மே மாசம் நடக்குது. பகலெல்லாம் வேலூர் வெயில் குடிச்ச கருங்கல், ராத்திரி பத்து மணிக்கும் கையில சூடா இருக்கும், மூடின அறைக்குள்ள புழுக்கம் இன்னும் ஜாஸ்தி. அதுதான் உங்களுக்கு லாபம். எல்லாச் சுவரும் வெதுவெதுன்னு இருக்கையில ஒரே ஒரு இடத்துல மட்டும் கை சில்லுனுச்சுன்னா, அங்க பின்னால கிணறோ காத்து வழியோ இருக்குதுன்னு அர்த்தம். பயமும் ஆச்சு, துப்பும் ஆச்சு.

1962-ன்னா கையில பெட்ரோமாக்ஸ் விளக்கு கொடுங்க. ஸ்பிரிட்டை ஊத்திக் கொளுத்தி, சூடானதும் பம்ப் அடிச்சு ஏத்தணும். எரியற வரைக்கும் 'உஸ்'ஸுன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும், பக்கத்துல யாரு நடந்தாலும் கேட்காது. காத்து இறங்க இறங்க வெளிச்சம் மங்கும், திரும்ப பம்ப் அடிக்கணும். மேண்டில்ங்கற துணி வலை எரிஞ்ச பிறகு வெறும் சாம்பல் வலைதான், விளக்கைத் தடால்னு வெச்சா உதிர்ந்துடும். ஆக, விளக்கு அணையறதுக்குப் பேய் வரத் தேவையில்லை. அணைஞ்சதும் அந்த 'உஸ்' நிக்குது பாருங்க, அப்பதான் இவ்வளவு நேரமா இன்னொருத்தர் மூச்சு விட்டுக்கிட்டு இருந்தது கேட்கணும். அரிக்கேன் விளக்குல இது கிடைக்காது, அது சத்தமே போடாது.

வௌவாலை ரெக்கையால காட்டாம வாடையால காட்டுங்க, அந்தப் புழுக்கை நெடி ஆளுக்கு முன்னாடி வந்து நிக்கும். பாழடைஞ்ச மண்டபத்துக்கு ஆந்தையைவிட கூகைதான் சரி. முகம் வெள்ளையா இருக்கும், கத்தினா கிறீச்சுன்னு இருக்கும், பறக்கறப்போ ஒரு சத்தமும் வராது.

காட்பாடி ஜங்ஷன்:

சுரங்கம் பற்றி மட்டும். விரிஞ்சிபுரம் சுமார் 12 கிலோமீட்டர். அந்தச் சுரங்கம் மெய்யாக இருந்ததற்குத் தடயம் இல்லை, கதைக்கும் அது ஆகாது. கோட்டையைச் சுற்றி அகழி. அதன் அடிமட்டத்துக்கும் கீழே பாறையைக் குடைந்தால் ஒழிய தண்ணீர் கசிந்து உள்ளே வந்துவிடும். அத்தனை நீளத்துக்கு இடையிடையே காற்றுக் கிணறு வெட்டவில்லையென்றால் மூச்சு முட்டும், வெட்டினால் ரகசியம் போச்சு. கையில் விளக்கோடு ஒரு மனிதர் இருட்டில் 12 கிலோமீட்டர் நடக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதை வாசகர் எப்படிப் பொறுப்பார்?

ஊர்ப் பேச்சை அப்படியே விடுங்கள், மூவரும் அதை நம்பியே உள்ளே இறங்கட்டும். நூறு, நூற்றைம்பது அடியில் சுரங்கம் ஒரு பாழுங்கிணற்றின் பக்கச் சுவரில் முடிந்துவிடட்டும். கெட்ட காற்று அடியில் தேங்கியிருக்கும், கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். ஆக்சிஜன் குறைந்தால் சுடர் சுருங்கி அணையும். ஆனால் எல்லா விஷவாயுவையும் சுடர் காட்டிக் கொடுக்காது. விளக்கு நன்றாக எரிகிறதே என்று தம்பி இறங்கிவிடுகிறான் என்று வைத்தால் அத்தியாயம் அங்கே நிற்கும்.

குடியாத்தம் படிப்பகம்:

ரொம்ப நன்றி. சுவரும் சுரங்கமும் இன்னிக்கே மாறிடும். பேய் விஷயம் மட்டும் பாக்கி.

சத்துவாச்சாரி அக்கா:

விளக்கிடுங்க. இங்கிலாந்துத் திகில் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் 1790-களில் எழுதின நாவல்களில் அமானுஷ்யமா தெரிஞ்ச கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் கடைசியில இயற்கையான காரணம் வரும். அவங்க மறைஞ்ச பிறகு 1826-ல் வந்த கட்டுரையிலயும் இதைத் தொட்டிருக்காங்க: முழுசா காட்டாத ஆபத்து மனசை விரிய வைக்குது, பச்சையா காட்டின கொடூரம் அதை உறைய வைக்குது. உங்க வாசகர்கள் தூங்கறதுக்கு இதுவும் காரணம். பேயை நுழைஞ்ச உடனே காட்டிட்டீங்க.

விளக்கம் சொல்றதுல கெடுறது ரெண்டு இடம். ஒண்ணு, காரணத்தைக் கடைசி அத்தியாயத்துல முதல் முறையா சொல்றது. உங்க கதவையே எடுத்துக்கோங்க. பழைய கதவு கீல் இல்லாம, கல்குழியில நிக்கிற குடுமிங்கற முளையில சுத்தும், கல்குழி தேஞ்சா கதவு சாயும், விட்டா தானா சாத்திக்கும். அதை முதல் தடவை அண்ணனே பார்த்துச் சிரிக்கட்டும். ரெண்டாம் தடவையும் அதே வேகத்துல சாத்தட்டும். மூணாம் தடவை சாத்தின கதவு தானா திறக்கட்டும். சாய்ஞ்ச கதவு மேட்டுப் பக்கம் போகாது. வாசகர் அண்ணனுக்கு முன்னாடியே அதைப் புரிஞ்சிக்குவார், அங்கதான் அவருக்கு முதுகு சிலிர்க்கும்.

இன்னொண்ணு, நடக்க முடியாத காரணம். ஷெர்லாக் ஹோம்ஸோட 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' கதையில நாய் முகத்துல பாஸ்பரஸ் பூசியிருப்பாங்க. கதை ஓட்டத்துல யாரும் கேட்கலை. நிஜ வெள்ளை பாஸ்பரஸ் 30 டிகிரிக்கு மேலே காத்துல தானா தீப்பிடிக்கும். வேலூர் மே மாசத்துல நாயும் மிஞ்சாது, பூசினவனும் மிஞ்சமாட்டான்.

டெல்லி கேட்:

அக்கா, ஒன்றை மட்டும் விளக்காமல் விடலாம் என்பேன். கதை முடிச்சு அதை நம்பி நிற்கக் கூடாது, அவ்வளவுதான். 1962-ல் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் கருவறையில் லிங்கம் கிடையாது, 1981-ல்தான் மறுபடி வைத்தார்கள். மூவரும் அந்த வெறும் கருவறையைக் கடக்கும்போது எண்ணெய் வாசனை வரட்டும், யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

சத்துவாச்சாரி அக்கா:

அது சரி. ஆனா அங்க பேயைக் கொண்டுவராதீங்க, வாசனையோட நிறுத்திடுங்க.

காட்பாடி ஜங்ஷன்:

ஆற்று அத்தியாயத்தில் ஒரு திருத்தம். பாலாற்று உலர்மணலில் காலடித் தடம் உருவத்தோடு நிற்காது, விளிம்பு சரிந்து வெறும் பள்ளமாகிவிடும். "ஆணி அடித்த செருப்பு" என்று அண்ணன் கண்டுபிடிப்பது நடக்காது. பள்ளத்துக்குப் பள்ளம் தூரத்தை அளந்து, நெட்டையா குட்டையா, நடந்தாரா ஓடினாரா என்று சொல்லலாம். செருப்பு அடையாளமே வேண்டுமென்றால் ஊற்றுத் தோண்டின இடத்து ஈரமணலுக்கு ஆளைக் கொண்டுபோங்கள். வெள்ளம் வைப்பதாக இருந்தால் கதையை நவம்பருக்கு மாற்றுங்கள். அப்போது இங்கே மழையே இல்லாமல்கூட ஆறு வரலாம். 1903 நவம்பரில் வாணியம்பாடியை அழித்த வெள்ளம், மேலே மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து வந்தது.

பெட்ரோமாக்ஸ்:

நவம்பருக்கு மாத்தினா சுவர் சூட்டையும் மாத்தணும், மறந்துடாதீங்க.