ஒரே குளம்: காலையில 2.8, மத்தியானம் 11.2. எந்த டி.ஓ. சரி?

கேள்வி (பயனர்: முதலாண்டு_நாகர்கோவில்)

சுற்றுச்சூழல் அறிவியல் பாடத்துக்கான திட்டப்பணி. பாசனக் குளம், ஒரு ஓரம் ஆகாயத்தாமரை மூடிக் கெடக்கு, மத்த இடமெல்லாம் பச்சைத் தண்ணி. வின்க்ளர் முறையில (ரசாயனம் விட்டு டைட்ரேட் பண்றது) கரைந்த ஆக்சிஜன், அதாவது டி.ஓ. பார்த்தோம். காலை 6 மணிக்கு லிட்டருக்கு 2.8 மி.கி., மத்தியானம் 2 மணிக்கு 11.2. மத்தியானத் தண்ணி 30 டிகிரி. அந்த வெப்பநிலைக்கு நிறைவு அளவு அட்டவணையில 7.5தான் இருக்கு. 11.2 எப்படி வரும்? ரெக்கார்டுல எதை எழுத? காலையில மீன் மேல வந்து வாயைப் பிளக்குது. இந்த டி.ஓ.வை வெச்சே பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) சொல்லிரலாமா?

பதில் 1 (மறுகால்)

ரெண்டும் சரியா இருக்க வாய்ப்பு உண்டு. 7.5ங்கிறது தண்ணி காத்தோட சமநிலையில நிக்கிற அளவாக்கும். அதுக்கு மேல போகக்கூடாதுன்னு இல்ல. வெயில்ல பாசி விடுற ஆக்சிஜன் காத்துக்குத் தப்பிப் போறதைவிட வேகமா உண்டானா மிகைநிறைவு வரும். உங்க குளத்துல சுமார் 150 சதவீதம்.

பொழுது சாஞ்சா ஒளிச்சேர்க்கை நிக்கும். ஆனா பாசி, மீன், சேத்துல இருக்கிற பாக்டீரியா எல்லாம் ராத்திரி முழுக்க ஆக்சிஜனை எடுத்துக்கிட்டே இருக்கும். அதனாலதான் விடியற நேரம் ஆகக் குறைச்சல். கும்பப்பூ (ரெண்டாம் போக நெல்) வயல்ல போட்ட உரமும் வீட்டுக் கழிவுநீரும் ஓடை வழியா வந்து சேரச் சேர இந்த ஏத்த இறக்கம் பெருசாகும். ஐப்பசி, கார்த்திகையில நாலஞ்சு நாள் வானம் மூடாக்கா நின்னா பகல்ல வர்ற ஆக்சிஜனும் குறையும், மீன் சாவு அப்பத்தான். கட்லா, ரோகு முதல்ல போகும். விராலும் தேளியும் காத்தைக் குடிச்சுத் தப்பிக்கும். யாரோ விஷம் கலந்துட்டாங்கன்னு சொல்லுமுன்ன செத்தது என்ன மீன், எத்தனை மணிக்குன்னு பாருங்க.

ரெக்கார்டுல ரெண்டையும் எழுதுங்க, நேரம், வெப்பநிலை, ஆழத்தோட. நேரம் போடாத டி.ஓ. எண்ணுக்கு அர்த்தமே இல்ல. ஆகாயத்தாமரைக்கு அடியிலயும் ஒண்ணு எடுங்க; அங்க வெளிச்சமும் போகாது, காத்தும் படாது, மத்தியானமும் குறைச்சலாத்தான் இருக்கும்.

பதில் 2 (தயோசல்பேட்)

பதில் 1 சரி, ஆனா மாதிரி எடுத்த விதத்தையும் சந்தேகப்படணும். வாளியில கோரி பாட்டில்ல ஊத்தினீங்கன்னா குளத்தோட நிஜமான காலை அளவு 2.8ஐவிடக் குறைவா இருந்திருக்கும்; ஊத்தும்போதே காத்து கலந்துரும். 300 மி.லி. பாட்டிலைத் தண்ணிக்குள்ள சாய்ச்சு மெதுவா நிரப்பி, குமிழி இல்லாம உள்ளேயே மூடுங்க. கரையிலயே மாங்கனஸ் சல்பேட் 2 மி.லி., ஆல்கலி அயோடைடு அசைடு 2 மி.லி., பிப்பெட் நுனி தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி விடணும். அசைடு விஷம், கையுறை இல்லாம தொடாதீங்க. வீழ்படிவு பழுப்பா வந்தா ஆக்சிஜன் இருக்கு, வெள்ளையா நின்னா இல்ல. படிஞ்சதும் அடர் கந்தக அமிலம் 2 மி.லி. விட்டுக் கரைச்சு, 203 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால டைட்ரேட் பண்ணுங்க. 1 மி.லி. செலவானா லிட்டருக்கு 1 மி.கி. 200க்குப் பதிலா 203 ஏன்னா, கரைசல் விட்டப்ப 4 மி.லி. மாதிரி வழிஞ்சு போச்சு.

பழைய தயோசல்பேட் வீரியம் குறைஞ்சிருக்கும், அளவு கூடுதலாக் காட்டும். டைக்ரோமேட்டால சரிபார்த்துட்டு அப்புறம் 11.2ஐ நம்புங்க. தண்ணி வைக்கோல் மஞ்சளா வெளுத்த பிறகு மட்டும் ஸ்டார்ச் விடுங்க; நீலமாகும், அந்த நீலம் மறையறதுதான் முடிவு. நீலம் போய் கொஞ்ச நேரத்துல திரும்ப வந்தா கணக்குல எடுக்க வேண்டாம்.

கேட்டவர்: வாளிதான் அண்ணா 😬 பி.ஓ.டி.?

பதில் 3 (அடிமடை)

டி.ஓ.வை வெச்சு சொல்ல முடியாது. டி.ஓ. இப்ப கையில இருக்கிற ஆக்சிஜன்; பி.ஓ.டி. அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர் எவ்வளவு கேக்கும்ங்கிற அளவு. நம்ம நாட்டு முறை 27 டிகிரியில 3 நாள், இருட்டுல. 60 மி.லி. மாதிரியோட நீர்ப்புத் தண்ணி (மாதிரியை நீர்க்க வைக்கிற தண்ணி) சேர்த்து 300 மி.லி. ஆக்கினா 5 மடங்கு. தொடக்க டி.ஓ. 7.6, மூணாம் நாள் 4.6னா, பி.ஓ.டி. 3.0 × 5 = லிட்டருக்கு 15 மி.கி. குறைஞ்சது 2 மி.கி. இறங்கியிருக்கணும், முடிவுல 1க்கு மேல மிஞ்சணும். இல்லேன்னா நீர்ப்பை மாத்தித் திரும்பச் செய்யணும்.

மத்தியானத் தண்ணியை அப்படியே வெச்சுராதீங்க. மிகைநிறைவு ஆக்சிஜன் தானா வெளியேறி பி.ஓ.டி. மாதிரி காட்டும். 27 டிகிரிக்குக் கொண்டுவந்து, பாதி நிரம்பின பாட்டில்ல நல்லாக் குலுக்கின பிறகு தொடக்க டி.ஓ. எடுங்க. பச்சைத் தண்ணியில பாசியும் இருட்டுல மூச்சு விடும், அதுவும் அந்த 15க்குள்ள வரும். "தண்ணி பச்சை, வடிகட்டலை"ன்னு பக்கத்துல குறிச்சு வைங்க.