நீரில் வளர்ந்த செடியைச் சமூகத் தோட்டத்து மண்ணுக்கு மாற்றலாமா?

ஈசூன் மாடி:
சமையலறையில் எல்இடி விளக்கின்கீழ் ஒரு ஹைட்ரோபோனிக் தொட்டி (மண்ணில்லாமல் ஊட்டக்கரைசலில் செடி வளர்ப்பது) வைத்திருக்கிறேன். சில்லி பாடி மிளகாய், தாய் பேசில் (தாய்லாந்துத் துளசி), புதினா, லெட்டூஸ் இருக்கின்றன. மிளகாய்ச் செடி பூத்துவிட்டது, வேரும் தொட்டியை அடைத்துக்கொண்டது. புளோக்குக்குப் பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் இப்போதுதான் ஒரு பாத்தி கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் மண்ணுக்கு மாற்ற ஆசை. அங்கே மூத்தவர் ஒருவர், "தண்ணியில வளர்ந்தது மண்ணுல நிக்காது, விதை போடுங்க" என்கிறார். உண்மையா?

பிடோக் பாத்தி:
அவர் சொல்வதே சரி. தண்ணீரில் வளர்ந்த வேர் வெள்ளையாக, நீளமாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் வேர்த்தூவிகள் குறைவு. மண்துகள்களில் ஒட்டியிருக்கும் ஈரத்தை உறிஞ்ச அந்தத் தூவிகள்தான் வேண்டும். நட்டதும் பழைய வேரில் பெரும்பகுதி உதவாது, செடி புது வேர் விட்டாக வேண்டும். அதுவரை இலைகள் சும்மா இருக்குமா? அவை பாட்டுக்கு நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். போதாததற்கு, விளக்கின்கீழ் வளர்ந்த இலையின் மேல்தோல் மெல்லியது. நம் ஊர் நண்பகல் வெயிலில் ஒரே நாளில் வெள்ளைத் திட்டு விழுந்து கருகிவிடும். பாத்தியிலேயே முளைத்த நாற்றுக்கு இந்தப் பாடு கிடையாது.

வேர்த்தோழி:
காரணமெல்லாம் சரி, முடிவு சரியில்லை. மிளகாய் ஒரு பருவத்தோடு போகிற செடி இல்லை. நம் வெப்பத்தில் சில ஆண்டுகள் நின்று காய்க்கும். விதையிலிருந்து தொடங்கினால் முதல் காய் பறிக்க மூன்று, நான்கு மாதம் ஆகும். பூத்து நிற்கும் செடியை எதற்குக் குப்பையில் போட வேண்டும்?

ஈசூன் மாடி, நேராகப் பாத்திக்குப் போகாதீர்கள். முதலில் பூச்சட்டி. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மக்கிய உரம், பெர்லைட் (நீர் வடிய உதவும் லேசான வெள்ளைத் துகள்) கலந்த லேசான கலவை போதும். வேரைப் பிடித்து இழுக்காமல் நெட் பாட்டை (செடி நிற்கும் வலைக் கிண்ணத்தை) கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். அதில் இருக்கும் சுட்ட களிமண் உருண்டைகள் வேரோடு பின்னியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிடுங்கள், இலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள், சாயங்காலம் பார்த்து நடுங்கள். முதல் வாரம் கலவை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். அப்புறம் மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும், வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். நிழலில் தொடங்கி, காலை வெயில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டுங்கள். புதுத் துளிர் வந்த பிறகுதான் பாத்தி.

உரத்தையும் மறந்துவிடாதீர்கள். தொட்டியில் நைட்ரேட் கரைந்த நிலையிலேயே கிடைத்தது. மக்கிய உரத்தில் இருப்பதை நுண்ணுயிர்கள் சிதைத்துக் கொடுக்க நாளாகும். முதல் சில வாரம் அதே ஊட்டக்கரைசலைப் பாதிச் செறிவில் ஊற்றுங்கள்.

பிடோக் பாத்தி:
பூச்சட்டியில் நடக்கும், மறுக்கவில்லை. பாத்தியில்? சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் பல இடங்களில் கட்டுமானத்தின்போது இறுகிப்போன களிமண்தான். லேசான கலவையில் பழகிய வேர்க்கட்டியை அதில் இறக்கினால், அந்தக் குழி ஒரு கிண்ணம் மாதிரி மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வேர் அழுகாமல் என்ன செய்யும்? அத்தோடு வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, ஆப்பிரிக்கப் பெருநத்தை எல்லாம் வெளியே காத்திருக்கின்றன. வேரைச் சீர்செய்துகொண்டிருக்கும் செடியால் அதையும் தாங்க முடியாது.

வேர்த்தோழி:
அதற்குக் குழியில் மட்டும் உரம் போடாமல் பாத்தி முழுவதும் கலந்து, மேடாக்கி நட வேண்டும். தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் பாத்திகளை உயர்த்தித்தானே கட்டியிருக்கிறார்கள்? நீர் வடிந்தால் களிமண்ணும் பிரச்சினை இல்லை. நத்தை நாற்றையும்தான் தின்னும். சொல்லப்போனால் நாற்றைத்தான் முதலில் தின்னும்.

தோ பாயோ தோட்டக்காரர்:
இருவரும் மிளகாயிலேயே நிற்கிறீர்கள். பேசிலையும் புதினாவையும் வேரோடு மாற்றவே வேண்டாம். கணுவுக்குக் கீழே ஒரு தண்டை வெட்டி ஈரமண்ணில் செருகினால், முதலிலிருந்தே மண்வேராக வரும். லெட்டூஸைச் சாப்பிட்டுவிடுங்கள். வெளியே நட்டால் இந்த வெப்பத்தில் தண்டு நீட்டிக் கசந்துவிடும்.

பழக்கும் நாட்களில் பூச்சட்டியைத் தாழ்வாரத்தில் வைப்பீர்கள் என்றால், 1.2 மீட்டர் வழி விட வேண்டும். அடித்தட்டில் நீர் நிற்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம் போதும். காலியான ஹைட்ரோ தொட்டியையும் கவிழ்த்து வையுங்கள். டெங்கி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்.

ஈசூன் மாடி:
நன்றி அண்ணே. லெட்டூஸ் இன்றே சாலட். மிளகாய் ராக்வூலில் (நீரைப் பிடித்து வைக்கும் பஞ்சுபோன்ற கட்டியில்) முளைத்தது. அதைப் பிரித்தெடுக்க வேண்டுமா?

வேர்த்தோழி:
வேண்டாம், வேர் கிழிந்துவிடும். ஆனால் அதன் மேல்பக்கம் வெளியே தெரியாதபடி மண்ணால் மூடுங்கள். தெரிந்தால் அந்த வழியாக ஈரம் ஆவியாகி நடுவேர் காயும்.

பிடோக் பாத்தி:
இதில் ஒத்துப்போக முடியாது. ராக்வூல் கல்லை உருக்கி இழுத்த நார், மக்கவே மக்காது. பாத்தி பலர் கைமாறும் இடம். அடுத்து வருபவர் மண்ணைக் கிளறும்போது அது கையில் வரக் கூடாது. வேர் ஊடுருவாத ஓரங்களையாவது நீரில் நனைத்து உரித்துவிடுங்கள். மாற்றித்தான் தீருவேன் என்றால் மழை குறையும் பிப்ரவரி வரை பூச்சட்டியிலேயே வைத்திருங்கள். கூடவே பாத்தியில் நாலு விதையும் போடுங்கள்.

வேர்த்தோழி:
பிப்ரவரிக்குச் சம்மதம். ஓரத்தை உரிப்பதற்கும் சரி. விதை உங்கள் விருப்பம்.