பழைய ஜெயில் ரோடு பக்கம் ஜட்கா காலத்து லாயம்: பூசுவதா, இடிப்பதா?

வண்ணை_பேரன்:
எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். கொல்லையில் தாத்தா ஜட்கா, அதாவது குதிரைவண்டி, ஓட்டிய காலத்து லாயம் இன்னும் நிற்கிறது. கருங்கல் பாவிய தரை, மூத்திரம் ஓட ஒரு சின்ன வாய்க்கால், கயிறு உரசி உரசி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துபோன இரும்பு வளையம். முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். போன மழையில் அடிச்சுவர் ஓதமேறி, காரை பொரிந்து கொட்டுகிறது. "சிமெண்ட் பூசிடலாம் சார், இல்லேன்னா இடிச்சிட்டு ரெண்டு போர்ஷன் போடுங்க, வாடகை வரும்" என்கிறார் மேஸ்திரி. வீட்டில் எல்லோரும் இடிக்கத்தான் சொல்கிறார்கள். எனக்கு மனசே வரவில்லை. பழைய சென்னைப் பட்டணத்துச் சுற்றுமதிலில் மிஞ்சிய துண்டான மாடிப் பூங்கா மதில் கூப்பிடு தூரம். அதற்கு இருக்கும் பாதுகாப்பு எங்கள் லாயத்துக்கும் உண்டா?

ராயபுரம்_வரைவாளர்:
இல்லை. மதில் மத்தியத் தொல்லியல் துறையுடையது, உங்கள் லாயம் உங்களுடையது. ஆனால் கட்டுப்பாடு உங்களுக்கும் உண்டு. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்டணும். ஆகவே முதலில் அளந்து பாருங்கள். 100-க்குள் வந்தால், இடித்த இடத்தில் போர்ஷன் எழும்பாது. இதை வீட்டில் சொல்லுங்கள். 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடம் என்பதால் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம். பழைய வரி ரசீது, பத்திரம், போட்டோ எல்லாம் எடுத்து வையுங்கள்.

சுண்ணாம்பு_வேலை:
தம்பி, அந்தச் சுவர்ல சிமெண்ட் படவே கூடாது. மண்ணுலேர்ந்து ஏறுற ஈரத்தைச் சுண்ணாம்புக் காரை வெளியே விட்டுடும். மேல சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளயே அடைஞ்சு, உப்பு பூத்து, செங்கல்லே மாவா உதிரும். பொரிஞ்ச காரையை மட்டும் கையால தட்டி எடுங்க. மெஷின் வேணாம். நல்லா ஊறின சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆத்து மணல் மூணு பங்கு. பூசினப்புறம் நாலஞ்சு நாள் ஈரச்சாக்கு போட்டு மெதுவா காயவிடணும். அதுக்கு முன்னாடி, வெளியே தெரு உயர்ந்து லாயத்துத் தரை பள்ளமாயிடுச்சான்னு பாருங்க. நம்ம ஏரியாவுல ரோடு போடப் போட வீடெல்லாம் இறங்கிட்டே போகுது. மழைத்தண்ணிக்கு வழி பண்ணாம பூசினா திரும்பவும் கொட்டும்.

தங்கசாலை_வாசகி:
ஹைதர் அலி படை 1769-ல் பட்டணத்து வாசல்வரை வந்துபோன பயத்தில் எழுப்பிய மதில் அது, பால் பென்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய ஒப்பந்தக்காரரின் வேலை. வடக்கிலும் மேற்கிலும் ஊரை வளைத்து நின்றது. இன்று போய்ப் பார்க்க மிஞ்சியது இந்தத் துண்டுதான். மதிலுக்காவது சட்டம் இருக்கிறது. ஜட்காக்காரர் லாயத்துக்கு உங்களைவிட்டால் யாரும் இல்லை, தயவுசெய்து இடிக்காதீர்கள். கைவைக்கும் முன் அளவெடுத்து வரைந்துவிடுங்கள், அந்த வளையத்தையும் சேர்த்து.

வண்ணை_பேரன்:
நன்றிங்க எல்லோருக்கும். தெரு லாயத்துத் தரையைவிட ஒரு முழம் உயரம்தான், இப்போதுதான் நூல் பிடித்துப் பார்த்தேன். சுண்ணாம்பு வேலை அண்ணா, ஊறவைத்த சுண்ணாம்பு நம்ம பக்கம் எங்கே கிடைக்கும்?