மாற்றிப் பூட்டிய டர்போவும் ஒயில் கக்குகிறது, மூன்றாவதை வாங்குவதற்கு முன் உதவி வேண்டும்

ஹட்டன் வேன்காரன்:
வணக்கம் அண்ணாமார்களே. என்னுடையது டொயோட்டா ஹயஸ் கே.டி.எச். வேன், 1கேடி டீசல் எஞ்சின், மெனுவல் கியர். வாரத்தில் மூன்று நாள் கொழும்பு ஹயர், மற்ற நாட்களில் பாடசாலைப் பிள்ளைகள்.

ஐந்து மாதத்துக்கு முன்பு கினிகத்தேனை ஏற்றத்தில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது, அதோடு இழுவை போய்விட்டது. கழற்றிப் பார்த்தால், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவின் ஷாஃப்ட் முறிந்திருந்தது. பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஒன்று வாங்கிப் பூட்டினோம். ஏழு வாரம்கூட ஓடவில்லை, அதுவும் போனது. அப்புறம் கடன் வாங்கிப் புதிதாக ஒன்று போட்டேன். இப்போது நான்காவது வாரம். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றினால் ஒரு கோப்பை ஒயில் கொட்டுகிறது. கித்துல்கலை வரை இறக்கத்தில் வந்து, மட்டத்தில் எக்சலேட்டரை மிதித்தால் பின்னால் வரும் பஸ் தெரியாத அளவுக்கு நீலப் புகை. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லீட்டருக்கு மேல் ஒயில் குறைகிறது.

கடையில் பூட்டியவர் பிழை என்கிறார்கள். கராஜில் சாமான் சரியில்லை என்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்கிறேன். லீசிங் காசு கட்டவே மூச்சு வாங்குகிறது. எதை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தலவாக்கலை லொறி:
எயார் பில்டரைப் பார்த்தீர்களா? அடைத்த பில்டர் இருந்தால் காற்று கிடைக்காமல் டர்போ ஒயிலை உறிஞ்சும். என்னுடைய லொறியில் அதுதான் நடந்தது. தேயிலை பெக்டரி தூசியில் நின்று நின்று பில்டர் கட்டியாகப் போயிருந்தது.

ஹட்டன் வேன்காரன்:
பில்டர் புதிது அண்ணா, போன மாதம்தான் போட்டேன்.

பண்டாரவளை கராஜ்:
தம்பி, முதலில் ஒன்று. இந்த நிலையில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இன்டர்கூலரில் தேங்கிய ஒயிலை டீசல் எஞ்சின் எரிபொருளாகவே இழுத்துக்கொண்டு தானாக வேகமெடுக்க ஆரம்பித்தால், சாவியைத் திருப்பினாலும் சில வேளை நிற்காது. அப்படி நடந்தால் பிரேக்கை அழுத்தி மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளச்சை விட்டு எஞ்சினை அமர்த்துங்கள். எஞ்சின் பக்கம் கையை விட வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். டர்போவுக்குள் ஒயிலைத் தடுப்பது ரப்பர் சீல் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன உலோக வளையம். அது தனியாக ஒயிலைத் தடுக்காது. இரண்டு பக்கமும் சக்கரம் சுற்றுகிற கூட்டுக்குள் இருக்கிற காற்றழுத்தம்தான் ஒயிலை நடுவில் நிறுத்தி வைக்கிறது. ஒயில் மேலிருந்து அழுத்தத்தோடு வரும், கீழே தன் பாரத்தில் மட்டுமே வடியும். வடிகிற பாதை கொஞ்சம் அடைத்தாலும் நடுப்பகுதி நிரம்பி, ஒயில் இரண்டு பக்கமும் வழியத்தான் செய்யும். டர்போ நேற்றுத்தான் பெட்டியைத் திறந்து எடுத்ததாக இருந்தாலும் இதுதான் கதை. இறக்கத்தில் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், இல்லை, எதிர்த்துத் தள்ள அழுத்தம் இல்லை. அந்த நேரத்தில் ஒயில் சேர்கிறது, மறுபடி மிதிக்கும்போது எரிகிறது. உங்கள் கித்துல்கலைப் புகை அதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் டர்போவைக் குறை சொல்வதற்கு முன் ஒயில் வடிகிற கீழ்ப் பைப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். கேஸ்கட்டுக்குப் பதிலாக சிலிக்கன் பூசியிருக்கிறார்களா? எஞ்சின் சூடாக ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று தள்ளுகிறதா? தள்ளினால், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடுகிற பிரீதர் அடைத்திருக்கலாம், அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அந்த அழுத்தமும் ஒயிலை வடிய விடாது. செத்த டர்போ இரண்டும் கையில் இருந்தால் ஷாஃப்டின் நிறத்தைச் சொல்லுங்கள். நீலமா, கோடு கோடாகக் கீறலா?

நானுஓயா:
என் அபிப்பிராயம், மலைதான் காரணம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே பூஸ்டைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும்.

பண்டாரவளை கராஜ்:
நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் நுவரெலியாவுக்கு ஏறுகிற ஏ7 வீதியில் நூற்றுக்கணக்கான டர்போ வேன்கள் தினமும் ஏறி இறங்குகின்றன, எல்லாம் ஏழு வாரத்தில் சாவதில்லையே. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் ஷாஃப்ட், ஒரு மெல்லிய ஒயில் படலத்தில் மிதக்கிறது. மலை அதற்கு வேலையைக் கூட்டும், அவ்வளவுதான். வேறு குறை ஏற்கெனவே இருந்தால் அதைச் சீக்கிரம் காட்டிக் கொடுக்கும். ஏற்றம் ஏறி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தாமல் ஒன்று இரண்டு நிமிடம் சும்மா ஓட விட வேண்டும், அதை எல்லாரும் செய்யுங்கள்.

ஹட்டன் வேன்காரன்:
அண்ணா, பைப்பைக் கழற்றினோம். நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. விளிம்பில் பூசிய சிலிக்கன் உள்பக்கம் பிதுங்கி, பாதி ஓட்டையை அடைத்துக் காய்ந்திருந்தது. நகத்தால் உரித்தபோது சாம்பல் நிறத்தில் பட்டை பட்டையாக வந்தது. ஒயில் மூடியில் பெரிய அழுத்தம் இல்லை.

பழைய டர்போ இரண்டிலும் ஷாஃப்ட் நீலமாகக் கறுத்திருக்கிறது, பெயரிங் ஒட்டியிருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஏற்றம் ஏறி வந்து சூடாக நிற்கும்போது ஒயில் லைட் லேசாக மினுங்கும். வயர் பிரச்சினை என்று விட்டுவிட்டேன். முதல் டர்போ போவதற்கு மூன்று மாதம் முன்பு இன்ஜெக்டர் நான்கையும் கழற்றி சர்விஸ் செய்தோம். இன்ஜெக்டருக்கு அடியில் போடும் செப்பு வொஷர் பழையதையே திரும்பப் போட்டார்கள், கடையில் இல்லை என்று.

பண்டாரவளை கராஜ்:
இனி டர்போவைப் பேச வேண்டாம், எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்குகிற சம்பைக் கழற்றுங்கள்.

உங்களுக்கு இரண்டு வியாதி இருக்கிறது. சிலிக்கன் இப்போதைய ஒழுகலுக்குக் காரணம். நீல நிறம் வேறு கதை: அழுக்கு ஒயிலில் ஷாஃப்ட் கீறும், ஒயில் இல்லாமல் போனால்தான் நீலமாகும். ஆக, டர்போவுக்குப் போதிய ஒயில் போகவில்லை. ஏன் போகவில்லை? பழைய செப்பு வொஷர் ஒருமுறை நசுங்கியது, திரும்ப இறுக்கினால் சரியாக அடைக்காது. எரிந்த வாயு அதன் ஓரத்தால் கசிந்து, எஞ்சினின் மேல் மூடியான ரொக்கர் கவருக்குள் போய், கரியை ஒயிலில் கலக்கும். அந்தக் கரி கீழே இறங்கி, ஒயில் பம்ப் உறிஞ்சுகிற வலையில் படியும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினுக்கு மேலே சப் சப் என்று சத்தம் வருமே, கேட்டிருக்கிறீர்களா? அது வொஷர் கசிகிற சத்தம். இந்த எஞ்சின்களில் இதை நான் பல முறை கண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் முதலில் டர்போவைத்தான் மாற்றிவிட்டு வருகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனது கஷ்டமாக இருக்கும், ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கான உழைப்பு அது.

டர்போவுக்குப் போகிற மேல் பைப்பைக் கழுவி ஏமாறாதீர்கள், வளைவில் கரி கல்லாக இருக்கும். புதிதாகவே போடுங்கள். இப்போதைய டர்போவின் ஷாஃப்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் ஆட்டம் கையில் தெரியவே கூடாது. மேலும் கீழும் கொஞ்சம் ஆடும், அது பரவாயில்லை. டர்போவின் சக்கரம் கூட்டில் உரசிய தடம் இல்லையென்றால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

தலவாக்கலை லொறி:
நான் பில்டரோடு நிறுத்தியிருப்பேன். நன்றி அண்ணா, எனக்கும் இது புதிது.

ஹட்டன் வேன்காரன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சம்பை இறக்கியபோது நானும் பக்கத்தில் நின்றேன். வலையின் முக்கால்வாசி தெரியவில்லை. கருப்புத் தார் மாதிரி, ஆனால் தொட்டால் நறநறவென்று இருந்தது. ரொக்கர் கவருக்குள்ளும் இரண்டாவது, மூன்றாவது இன்ஜெக்டரைச் சுற்றி அதே கரி. காலைச் சத்தமும் சரிதான் அண்ணா, இவ்வளவு நாளும் அதை டீசல் எஞ்சினின் சாதாரணச் சத்தம் என்றே நினைத்திருந்தேன்.

வொஷர் நான்கும் புதிது, மேல் பைப் புதிது, கீழே சிலிக்கன் இல்லாமல் கேஸ்கட் மட்டும். டர்போ ஷாஃப்டில் முன்பின் ஆட்டம் இல்லை, அதனால் அதையே திரும்பப் பூட்டினோம். பூட்டுவதற்கு முன் மேல் ஓட்டையில் சுத்தமான ஒயில் ஊற்றிக் கையால் சுற்றினோம். இன்ஜெக்டர் வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் லைட் அணையும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் அடித்தோம். இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவித் தலைகீழாக ஓர் இரவு வைத்தேன், அப்படியும் முதல் இரண்டு நாள் கொஞ்சம் புகை வந்தது. பயந்துவிட்டேன். உள்ளே மிச்சமிருந்த பழைய ஒயில்தான், மூன்றாம் நாள் நின்றுவிட்டது.

ஒயில் லைட் இப்போது மினுங்குவதில்லை. பிள்ளைகளை மறுபடி ஏற்றத் தொடங்கிவிட்டேன். மிச்சக் கரி கழுவி வரட்டும் என்று 1,000 கிலோமீட்டரிலேயே ஒயிலை மாற்றினேன். பழையதை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தேன், ஏழெட்டுத் துகள்தான் இருந்தன. இன்னொரு 1,000 ஓடிவிட்டுத் திரும்ப வடித்துப் பார்த்து எழுதுகிறேன் அண்ணா.