பினெலஸ் கவுண்டி: மணலுக்கும் வரிக்கும் யாரிடம் போவது?

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

வணக்கம். துபாய் அண்ணன் போன வாரம் இந்தக் குழுவில் கேட்டிருந்தார்: "புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, கலெக்டரைப் பார்த்து மனுக் கொடுத்தாயா?" தொலைபேசியில் இரண்டு வரியில் சொல்லிவிட முடியாத விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன். ஃபுளோரிடாவுக்குக் குடிவரப் போவதாகச் சொன்ன தம்பிகளும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கலெக்டர் இல்லை. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. நான் இருக்கும் பினெலஸ் கவுண்டி, ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் ஒரு பக்கம் மெக்சிகோ வளைகுடாவும் மறுபக்கம் டாம்பா விரிகுடாவுமாக நீண்டு கிடக்கிற நிலம். 1912 ஜனவரி 1 அன்றுதான் தனிக் கவுண்டி ஆனது. அதுவரை விரிகுடாவுக்கு அக்கரையில் இருந்த டாம்பாவிலிருந்து நிர்வாகம் நடந்தது. கட்டும் வரிக்குச் சாலையும் பாலமும் வரவில்லை என்று இக்கரை மக்கள் போராடிப் பிரிந்தார்கள். இப்போது ஒன்பதரை லட்சத்துக்கு மேல் ஜனங்கள், 24 நகராட்சிகள்.

கவுண்டியை நடத்துவது ஏழு கமிஷனர்கள். கமிஷனர் என்றதும் நமக்குப் போலீஸ் கமிஷனரோ மாநகராட்சி கமிஷனரோ நினைவுக்கு வருவார்கள். இவர்கள் மேலிருந்து நியமிக்கப்பட்டவர்கள் அல்லர்; ஓட்டு வாங்கி வந்தவர்கள். மூவரைக் கவுண்டி முழுவதும் தேர்ந்தெடுக்கிறது, நால்வரை அவரவர் தொகுதி மட்டும். பதவிக்காலம் நான்கு ஆண்டு. அன்றாட நிர்வாகத்துக்கு ஓர் அதிகாரியை அவர்களே வேலைக்கு அமர்த்துகிறார்கள். ஷெரீப் (கவுண்டியின் போலீஸ் தலைவர்), சொத்து மதிப்பீட்டாளர், வரி வசூல் அதிகாரி, தேர்தல் அதிகாரி, நீதிமன்ற எழுத்தர் ஆகிய ஐவரும் தனித்தனியே மக்களிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள். ஷெரீபுக்குப் பணம் ஒதுக்குவது இந்த ஏழு பேர்தான்; ஆனால் இன்னாரைப் பிடி, இன்னாரை விடு என்று அவருக்கு ஆணையிட முடியாது. பள்ளிக்கூடங்களுக்குத் தனி வாரியம், தனி வரி.

2024 செப்டம்பர் 26 இரவை எப்படி மறப்பது? ஹெலீன் புயலின் கண் எங்களை விட்டு நூறு மைலுக்கும் அப்பால் கடலிலேயே வடக்கே போயிற்று. காற்று பெரிதாக இல்லை. கடல்தான் எழுந்து வந்தது. கவுண்டி நெருக்கடி நிலையை அறிவித்து, தாழ்வான 'ஏ' மண்டலத்தைக் காலிசெய்யச் சொல்லியிருந்தது. நாங்கள் பிள்ளைகளோடு உள்ளே தள்ளியிருந்த நண்பர் வீட்டுக்குப் போய்விட்டோம். காலையில் திரும்பி வந்தபோது பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் மண் படிந்திருந்தது, சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கோடு. இந்தக் கவுண்டியில் மட்டும் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். நனைந்த மெத்தைகளும் சோபாக்களும் தெருவோரம் மலைபோலக் குவிந்து கிடக்கையிலேயே, இரண்டு வாரத்தில் மில்டன் என்ற அடுத்த புயல் வந்தது.

யாரிடம் போவது என்ற கேள்வி அப்போதுதான் உறைத்தது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டு விதி ஒன்று இருக்கிறது: பழுதுபார்க்கும் செலவு, நிலத்தை விட்டுக் கட்டடத்தின் மதிப்பில் மட்டும் பாதியைத் தொட்டால், பழைய வீட்டைப் பழையபடி கட்டக் கூடாது, இன்றைய விதி சொல்லும் அளவுக்குத் தரையை உயர்த்த வேண்டும். இதைக் கணக்கிட்டு அனுமதி தருவது நகராட்சி எல்லைக்குள் நகராட்சி. எந்த நகராட்சியிலும் சேராத பகுதியில் கவுண்டி. எங்கள் தெரு கவுண்டியில் சேர்ந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் நகராட்சி. ஒரே தண்ணீரில் மூழ்கிய இரண்டு வீட்டுக்காரர்கள் இரண்டு அலுவலகங்களில் வரிசையில் நின்றோம். வீடு வாங்கும் முன் அது யார் எல்லைக்குள் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், தம்பிகளே. பள்ளிக்கூடம் பக்கமா என்று கேட்பதைவிட இது முக்கியம்.

ஆகஸ்ட் மாதம் வீட்டுக்கு வரும் வரி அறிவிப்பையும் குப்பையில் போடாதீர்கள். கவுண்டி, பள்ளி வாரியம், நகராட்சி என்று வரி போடும் ஒவ்வொருவருக்கும் அதில் தனி இடம் உண்டு: போன ஆண்டு எவ்வளவு, இப்போது கேட்பது எவ்வளவு, எந்த நாள், எந்த மணிக்கு, எந்த இடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். வேலை நாளில் வைத்தால் மாலை ஐந்து மணிக்குப் பிறகுதான் வைக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது, உழைக்கிறவனும் வந்து பேசட்டும் என்று.

நான் மிகவும் மதிக்கும் சட்டம் 1967இல் வந்தது. தங்கள் முன் ஓட்டுக்கு வரக்கூடிய விஷயத்தைப் பற்றி இரண்டு கமிஷனர்கள்கூடத் தனியே பேசிக்கொள்ளக் கூடாது. காபிக் கடையிலும் கூடாது, கடிதத்திலும் கூடாது. பேச்செல்லாம் அறிவித்துக் கூட்டிய கூட்டத்தில், ஜனங்கள் முன்னால்தான். நானும் போய்ப் பேசியிருக்கிறேன். பேச மூன்று நிமிடம், நேரம் காட்டும் பச்சை விளக்கு மஞ்சளாகும்போது நாக்கு வறண்டுவிடுகிறது. ஆனாலும் ஏழு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

விடுதி வரியில் நடந்ததைச் சொன்னால் புரியும். ஆறு மாதத்துக்குள் தங்குகிறவர்களிடம் அறை வாடகையில் ஆறு சதவீதம் வாங்குகிறார்கள். சுற்றுலா விளம்பரம், கடற்கரை, விளையாட்டரங்கம் போன்றவற்றுக்குத்தான் அதைச் செலவிடலாம். மூழ்கிய வீட்டைக் கட்டித்தர முடியாது. 2024 ஜூலை 30 அன்று டாம்பா பே ரேஸ் பேஸ்பால் அணியின் புதிய மைதானத்துக்கு அந்த வரியிலிருந்து 31.25 கோடி டாலர் தரக் கமிஷனர்கள் ஐந்துக்கு இரண்டு என்று ஓட்டளித்தார்கள். இரண்டு மாதத்தில் கடற்கரையே போய்விட்டது. நவம்பர் தேர்தலில் இரண்டு புதியவர்கள் வந்தார்கள், இருவருமே மைதானத் திட்டத்தை ஐயத்தோடு பார்த்தவர்கள். மைதானத்துக்கான பணத்தைக் கடன்பத்திரம் வெளியிட்டுத் திரட்டுவதற்கான ஓட்டு அந்த மாதம் தள்ளிப்போயிற்று, டிசம்பரில் நிறைவேறியது. தாமதத்தால் செலவு ஏறிவிட்டது என்று சொல்லி 2025 மார்ச்சில் அணி விலகிக்கொண்டது. பேஸ்பால் ரசிகர்களின் வருத்தம் எனக்குத் தெரியும். எனக்கு மணல்தான் பெரிது; மணல் போனால் அலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை.

அந்த மணலுக்கே பெரிய வழக்கு. இங்குள்ள சாண்ட் கீ என்ற தீவின் கரையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை மணல் கொட்டிவந்தது. செலவில் பெரும்பகுதி மத்திய அரசுடையது. பிறகு, கரையோர வீட்டுக்காரர்கள் எல்லாரும் பொதுமக்களுக்கு நிரந்தரப் பாத்தியதை எழுதிக்கொடுத்தால்தான் வருவோம் என்றது. பலர் கையெழுத்துப் போடவில்லை. பொதுப்பணத்தில் கொட்டிய மணலில் பொதுமக்கள் நடப்பது நியாயம் என்பதே என் கருத்து. ஆனால் பத்திரத்தில் 'என்றென்றைக்கும்' என்று பார்த்ததும் பயப்படுகிறவர்களையும் புரிந்துகொள்கிறேன். நிலம் என்றால் நம் ஊரிலும் அப்படித்தானே. கமிஷனர்கள் குழு நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டுப் பார்த்தது, நடக்கவில்லை. கடைசியில் விடுதி வரிப் பணத்தைக் கொண்டு 12 கோடி டாலருக்கு மேல் தானே செலவிட்டு மணல் கொட்ட முடிவுசெய்தது. வேலைக்கு உள்ளே வர மட்டும் தற்காலிக ஒப்புதல் கேட்டார்கள். அதையும் தராதவர்கள் இருந்தார்கள்.

மனைவியோடு கரையில் நடந்து பார்த்தேன். ஆள் குனிந்து நுழையும் அளவு இரும்புக் குழாய். அதன் வாயிலிருந்து சாம்பல் நிறத்தில் மணலும் சிப்பியும் தண்ணீரோடு கொட்டுகிறது. புல்டோசர் அதைத் தள்ளி மேடாக்குகிறது. மேடு வீடு வீடாக நீண்டு போகிறது. ஒப்புதல் தராத ஒரு வீட்டு வேலியருகே வந்ததும் நின்றுவிட்டு, அடுத்த வீட்டு வேலியில் மறுபடி தொடங்குகிறது. அடுத்த ஹெலீன் அந்த இடைவெளி வழியாகத்தான் தெருவுக்குள் நுழையும். அடுத்த கூட்டத்தில் என் மூன்று நிமிடத்தை அதற்குத்தான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கிளியர்வாட்டர் பக்கத்திலிருந்து உங்கள் தம்பி