கைட்சர்ஃபிங், விண்ட்சர்ஃபிங் இரண்டும் ஒரே கரையில்: வழிகாட்டுதல் தேவை

சேலத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சேர்ந்தே செல்லும் எங்கள் நண்பர் குழு, இந்தத் தென்மேற்குக் காற்றுப் பருவத்தில், பெரிய காற்றாடி (கைட்) இழுக்கப் பலகையில் நீர்மேல் சறுக்கும் கைட்சர்ஃபர்கள், பலகையிலேயே பொருத்திய பாயைப் பிடித்து ஓட்டும் விண்ட்சர்ஃபர்கள் என இரண்டாகப் பிளவுபட்டு நிற்கிறது. கடந்த மாதம் காற்று திடீரெனத் தணிந்தபோது, தாழ்ந்துவந்த ஒரு கைட்டின் கயிறு, கரையோரத்தில் பலகையின் மேல் ஏற முயன்றுகொண்டிருந்த விண்ட்சர்ஃபரின் பாய்மரத்தில் சுற்றி, அவருடைய முன்கையையும் ஆழமாகக் கீறிவிட்டது. 20 மீட்டருக்கு மேல் நீளும் அக்கயிறு இறுகினால் சதையை அறுத்துவிடும் என்பதால், எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது.

வலக்கை முன்னே இருக்க ஓட்டுபவருக்கு மற்றவர் வழிவிடுவது, காற்று வரும் பக்கமாகக் கடப்பவர் கைட்டை உயர்த்திப் பிடிப்பது ஆகிய பொது விதிகளை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டோம். கரையை விட்டு விலகியபின் அவை போதுமானவையாகவே இருக்கின்றன. நேரத்தைப் பிரித்துப் பார்த்தோம். நல்ல காற்றை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரு தரப்பும் புழங்கும் கரையில், கைட் ஏற்றி இறக்கும் இடத்தை நீங்கள் எவ்வாறு பிரித்து வைத்திருக்கிறீர்கள்?